நாற்பது நொடி அப்பளம், இருபத்திரண்டு வாய்

களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு விரோதிகள் இரண்டு பேர்: ஒன்று சீலிங் ஃபேன், இன்னொன்று "ஒரு சின்ன மாத்தம்தான் தம்பி" என்று ஆரம்பிக்கிற மனிதர்.

முதல் விரோதியைச் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடலாம். இரண்டாமவருக்குச் சுவிட்சு கிடையாது. எனக்கோ குரல் எழும்பாது. கத்த வேண்டிய இடத்தில் "சரி அண்ணாச்சி" என்றுதான் வந்து விழும். சின்ன வயதில் தாத்தா கதை சொல்ல, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உம் கொட்டி வளர்ந்தவன். அந்த உம்மைத் தாண்டி எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தைத்து முடித்த ரவிக்கைக்குக் கழுத்தை மாற்றச் சொன்னவர்களிடம் மாட்டிய தையல்காரர்களே, பூசி முடித்த சுவரில் ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொன்னவர்களிடம் சிக்கிய கொத்தனார்களே, உங்களுக்குப் புரியும்.

நாற்பது நொடி

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை எடுத்து மூன்று வருஷமாக இந்த வேலை செய்கிறேன். களிமண் ஆடு ஒன்று தேர்தல் சுவரொட்டியைக் கிழித்துத் தின்கிற மாதிரி ஒரு சின்னப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பளக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். பேர் வேண்டாம். முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது நொடி விளம்பரம், எல்லாமே மண் பொம்மையில் வேண்டும் என்றார்.

நேரில் போய் விளக்கினேன். பொம்மையை ஒரு நூல் அளவு அசைக்க வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி அசைக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு நொடி. ஒரு நாளில் இரண்டு நொடி தேறினால் எனக்கு அது நல்ல நாள். பொம்மை செய்ய, அரங்கம் கட்டத் தனி நாட்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மாதமாவது ஆகும் என்றேன். அவர் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பது செகண்டுக்கு ரெண்டு மாசமா? எங்க கொட்டாயில ஒருத்தி நாப்பது செகண்டுல மூணு அப்பளம் தேச்சிருவா வே!"

சத்தமில்லாத பேச்சு

அந்தக் கொட்டகையைப் பார்க்கப் போனேன். ஓர் ஓரத்தில் உளுந்து மாவை இடித்துப் பிசைகிற இயந்திரம். அது ஓடும்போது பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது. முப்பது பெண்கள் பலகை முன்னால் உட்கார்ந்து மாவு உருண்டையைத் தேய்த்துத் தள்ளுகிறார்கள். தேய்த்துக்கொண்டே பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியை ஏசுகிறாள். எதற்கும் குரல் இல்லை. வெறும் வாய்தான். வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்து, பத்துப் பலகை தள்ளி உட்கார்ந்திருப்பவளின் உதட்டைப் பார்த்தே அவள் வீட்டில் நேற்று என்ன சண்டை என்பது வரைக்கும் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் தொழிலில் பாதி உயிர் வாயசைவில்தான் இருக்கிறது.

அவர்களில் செண்பகம் அக்கா என்று ஒருவர். இருபத்தாறு வருஷமாக அதே பலகை. அவர் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தனித்தனியாக நிற்கும். இவர்தான் என் கதாநாயகி என்று அங்கேயே முடிவு செய்தேன், முதலாளியும் சம்மதித்தார். சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தியதும் அக்காவின் குரலைப் பதிவு செய்தேன். வசனம் முதலாளியே கேட்டுத் தலையாட்டியதுதான் ('பைய' என்றால் எங்கள் பக்கம் மெதுவாக): "பைய எண்ணெயில போடுங்க. படபடன்னு விரியும். இது எங்க கையால தேச்ச அப்பளம்." அக்கா ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டு, "எங்குரலேதான் வருமாய்யா?" என்று கேட்டார். "உங்க குரலேதான் அக்கா. நான் பொறுப்பு" என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நினைத்துப் பின்னால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்டு ஆளு நான் பேசுனா காது குடுக்க மாட்டாரு. டிவியில பேசுனா எங்க போயிருவாருன்னு பாப்போம்."

முதலாளி தேய்த்த அப்பளம்

ஒரு நாள் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. தானும் ஒரு பொம்மையாகப் படத்தில் வர வேண்டும், தானும் ஓர் அப்பளம் தேய்க்க வேண்டும். எங்கள் தொழிலில் பொம்மை ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால், அந்த வேலையை மனிதர் செய்வதை முதலில் படம் பிடித்து வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துத்தான் பொம்மையின் தோளையும் முழங்கையையும் அசைப்போம். "ஒரே ஒரு அப்பளம் தேச்சுக் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேமராவை வைத்தேன்.

அப்பா காலத்திலிருந்து அப்பள வியாபாரம் செய்கிற மனிதர். தேய்க்கிற கட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லை. மாவு கட்டையோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது, பிய்த்துப் போட்டு மறுபடி தேய்த்தார். ஒரு பக்கம் கிழிந்தது, மறுபக்கம் தடித்து நின்றது. கொட்டகை முழுக்கப் பெண்கள் வாயசைத்தார்கள். அவர் எப்போதும் கண்ணாடி அறைக்குள் இருக்கிறவர், உதடு படிக்கப் பழகாதவர். "என்ன சொல்லுதாளுவ?" என்று என் காதில் கத்தினார். "நல்லா இருக்குன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி" என்று நானும் கத்தினேன், அதாவது முயன்றேன். ஒரு வாரம் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் உதடு படிக்க வந்திருந்தது. கடைசிப் பலகைக்காரி உண்மையில் சொன்னது இது:

"ஏட்டி, எறும்பு ஏறுனாக்கூட இதுல நொண்டித்தான் நடக்கணும்."

பிரிட்ஜுக்குள்

சித்திரை வெயில். நான் பயன்படுத்துவது ஆற்று மண் இல்லை, எண்ணெய் கலந்த களிமண். அது காயவே காயாது, சூடு பட்டால் இளகும். பொம்மைக்குக் கட்டிய சேலைத் தலைப்போ மெல்லிய தாள். ஃபேன் போட்டால் அது பறக்கும். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் மாறும். இரண்டும் கிடையாது. நான் அறைக்குள் அவிந்துகொண்டிருந்தேன். பொம்மைகள் மட்டும் முறை வைத்து பிரிட்ஜுக்குள் போய்க் குளிர் வாங்கி வந்தன. செண்பகம் அக்கா பொம்மைக்கு இருபத்திரண்டு வாய் செய்து வைத்திருந்தேன். 'ப'வுக்கு மூடிய வாய், 'ஆ'வுக்குத் திறந்த வாய், 'ஓ'வுக்குக் குவிந்த வாய், சிரிப்பை அடக்குவதற்கு ஒன்று. பேச்சுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொன்றாக மாற்றி ஒட்ட வேண்டும்.

அப்போது பார்த்து ஆழ்வார்குறிச்சியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். ஐந்து நாளாக நான் போன் எடுக்கவில்லையாம். பிள்ளை வேர்த்து வழிவதைப் பார்த்ததும் வேறு எதுவும் யோசிக்காமல் ஃபேனைப் போட்டாள். சேலைத் தலைப்பு பறந்தது, அட்டைச் சுவர் பொம்மை மேல் சாய்ந்தது, காலையிலிருந்து எடுத்த ஒன்றரை நொடி போயிற்று. பெற்றவளிடம் என்னத்தைக் கத்த? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரை நிமிர்த்தினேன். அம்மா எனக்கு மோர் கரைக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏலே, தயிருக்குப் பக்கத்துல ஒரு டப்பா நெறைய வாயி இருக்கு. அதுல ஒண்ணாவது பெத்தவகிட்டப் போன்ல பேசுமாலே?"

காயாத அப்பளம்

விளம்பரத்தில் ஓர் அப்பளம் எண்ணெயில் விழுந்து விரிய வேண்டும். அந்த இரண்டு நொடிக்கு இருபத்துநான்கு களிமண் அப்பளம் தேவை. முதலாவது தட்டை, இரண்டாவதில் ஓரமாக ஒரு கொப்புளம், மூன்றாவதில் நான்கு, இப்படியே போய்க் கடைசி அப்பளம் முழுக்கப் பொரிந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு கொப்புளமும் ஊசி முனையால் எழுப்பியது. ஒன்பது நாள் வேலை. எண் போட்டுத் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தேன். பத்தாம் நாள் முதலாளி பார்க்க வந்தார். வந்தவரை மதித்து, டீ வாங்கக் கீழே இறங்கியதுதான் நான் செய்த தப்பு.

அப்பளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே அப்பளத்தைக் கண்டாலும் ஓரத்தைப் பிடித்து வளைத்துப் பார்ப்பார்கள். சட்டென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். என் பதினேழாம் நம்பர் அப்பளத்தை முதலாளி அப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அது வளைந்திருக்கிறது. நான் டீயோடு மேலே வந்தபோது தட்டு காலி. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிப் படியில் இறங்கி வருகிறார். முகத்தில் உபகாரம் செய்த திருப்தி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுப்பகல் வெயில், கால் வைக்க முடியாத சிமெண்டுத் தளம். இருபத்துநான்கும் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய தோசையாகிக்கொண்டிருந்தன. ஒன்பது நாள் ஒரு மொட்டை மாடியில் உருகி ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் பின்னாலேயே வந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு புத்தி சொன்னார்:

"காயாம எண்ணெயில போட்டீருன்னா எங்க கம்பெனிப் பேருல்லா கெட்டுப்போவும்? ஒரு பக்கம் காஞ்சதும் பெரட்டிப் போடும் வே."

தொட்ட மாதிரி

எல்லாவற்றையும் மறுபடி செய்து, ஆடி மாதத்தில் முழுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். முதலாளி சென்னையிலிருந்து ஒரு வியாபார ஆலோசகரை வரவழைத்திருந்தார். ஆலோசகர் படத்தை நிறுத்தி, செண்பகம் அக்கா பொம்மையின் கன்னத்தைப் பெரிதாக்கினார். கோடு கோடாகத் தெரிந்தது. "என்ன இது?" என்றார். என் கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு தடவை வாயை மாற்றும்போதும் கன்னத்தைப் பிடிக்க வேண்டும். ரேகை இடம் மாறி மாறிப் பதியும். ஓட்டிப் பார்த்தால் கன்னத்துக்குள் ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு துடிப்பு இருக்கும். அந்தத் துடிப்புக்காகத்தான் மண்ணோடு மல்லுக்கட்டுகிறோம்.

அதை அழித்தால் பொம்மை பிணமாகிவிடும் என்று சொல்ல நினைத்தேன். "அது அப்படித்தான் சார் வரும்" என்றுதான் வந்தது. கை கழுவாமல் பந்தியில் பரிமாற வந்தவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

"இதை ஏஐல போட்டிருந்தா அரை மணி நேரம் ப்ரோ. இதுல பாருங்க, யாரோ கையால தொட்ட மாதிரியே ஒரு ஃபீல் வருது."

சின்ன மாத்தம்

ஆவணியில் போன் வந்தது. "ஒரு சின்ன மாத்தம்தான் தம்பி, ஏற்கெனவே பண்ணியாச்சு, வந்து பாரும்." போனேன். கண்ணாடி அறையில் கணினியில் என் படம் ஓடியது. செண்பகம் அக்கா பொம்மை வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து வந்தது சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த வேறொரு பெண் குரல்: "நவீன இயந்திரத்தில், கை படாமல் தயாரான சுத்தமான அப்பளம்!" வெளியூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் அப்படிச் சொன்னால்தான் எடுபடுமாம். ஆலோசகரின் யோசனை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது பெண்கள் அறுபது கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கை பட்டால் அசுத்தமாம். அதையும் அந்த அக்காவின் வாயை வைத்தே சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு ஏறிய கோபம் இதை எழுதும்போதும் இறங்கவில்லை. "அண்ணாச்சி, இது பொய்யில்லா?" என்றேன். "வெளம்பரம் வே" என்றார். "அந்த அக்காட்ட உங்க குரல்தான் வரும்னு சொல்லியிருக்கேன்" என்றேன். "அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்திருவோம்" என்றார். "வாய் வேற பேசுது, சத்தம் வேற வருது அண்ணாச்சி" என்றேன். "அப்ப வாயை மாத்தும்" என்றார்.

"மாத்த மாட்டேன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கையில்லை. முதலாளி ஒரு முழு நொடி, அதாவது பன்னிரண்டு படம், என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, கெடக்கட்டும். நாப்பது செகண்டுல ஓடிருத படத்துல வாயை யாரு வே பாக்கப் போறா?"

சொல்லப் போனது

அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தள்ளிப் போட்டுவிட்டு நாலாம் நாள் பஸ் ஏறினேன். வழியில் சேரன்மகாதேவி வரும்வரை என்னென்னவோ பேசிப் பார்த்தேன். "நான் பொறுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்தியவன் எப்படித் திருப்பிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது. கொட்டகையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பலகையை ஒதுக்கி உட்கார இடம் விட்டார். "உங்க குரலை எடுத்துட்டாங்க அக்கா. கை படாத அப்பளம்னு வேற யாரோ பேசுதாங்க" என்றேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

கொட்டகை முழுக்கத் தேய்க்கிற கட்டைகள் ஒரே நேரத்தில் நின்றன. அக்கா காதோடு சொல்ல வந்ததை முப்பது பேரும் என் உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்கா கட்டையைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைத் தூக்கி, குரலே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் நிற்கக் கேட்டார்:

"வாயையாவது விட்டு வச்சிருக்காவளா?"

ஆயுத பூஜை

வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் இயந்திரத்துக்கு முழு ஓய்வு. கழுவித் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். தேய்க்கிற கட்டைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி கடலை கொடுத்து முடித்ததும் கொட்டகைச் சுவரில் திரை கட்டி விளம்பரத்தை முதல்முதலாகக் காட்டினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஊர் ஊராக வந்த வியாபாரிகள், நடுவில் ஆலோசகர். பின்னால் தரையில் பெண்கள். படம் ஓடியது. "கை படாமல் தயாரான" என்று பாகு வழிந்தது. வியாபாரிகள் கை தட்டினார்கள். பின்னால் ஒருத்தியும் தட்டவில்லை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னொரு மட்டம் போடுங்க" என்றார்.

இரண்டாவது தடவை பொம்மை வாயைத் திறந்தபோது முப்பது பேரும் கூடவே வாயைத் திறந்தார்கள். இந்தத் தடவை குரலோடு. "பைய எண்ணெயில போடுங்க! படபடன்னு விரியும்! இது எங்க கையால தேச்ச அப்பளம்!" ஓர் எழுத்து முன்னே பின்னே போகவில்லை. நான் ஒட்டிய ஒவ்வொரு வாயிலும் அந்தச் சத்தம் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா அந்த வசனத்தை ஐந்து மாதமாகக் கொட்டகையில் தினமும் வாயசைத்துக் காட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இயந்திரம் ஓடாத கொட்டகையில் அவர்களுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் பேசிய அம்மாள் போன இடம் தெரியவில்லை.

ஆலோசகர் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏரலிலிருந்து வந்திருந்த வயதான வியாபாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிஜமாகவே விளங்காமல் கேட்கிறவர் மாதிரி முதலாளியிடம் கேட்டார்:

"அண்ணாச்சி, கை படலன்னா இத்தன பொம்பளையளும் இங்கன என்ன செய்யுதாவ?"

சத்தம் குறைந்த பிறகு

ஒரு வாரம் கழித்து முதலாளி போனில் கேட்டார், "அந்தப் பழைய குரலு உம்மகிட்ட இருக்கா?" இருந்தது. ஐந்து நிமிஷத்தில் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது நம்ம பக்கத்து லோக்கல் சானல்களில் அக்கா குரலில்தான் ஓடுகிறது. வெளியூருக்கெல்லாம் இன்னமும் அந்தப் பாகுக் குரல்தான், கை படாத அப்பளம்தான். என் ஒரு "மாட்டேன்" அவ்வளவு தூரம் எட்டவில்லை. மதுரைக்கு அந்தப் பக்கம் அந்த விளம்பரத்தைப் பார்க்க நேர்கிறவர்கள் தயவுசெய்து சத்தத்தை நிறுத்திவிட்டு வாயைப் பாருங்கள்.

போன வாரம் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் செண்பகம் அக்காவைப் பார்த்தேன். நான் ஒரு பஸ்ஸில், அவர் பக்கத்து பஸ்ஸில், இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஹாரன் இரைச்சல். "வீட்டுல அண்ணன் கேட்டாரா?" என்று வாயை மட்டும் அசைத்தேன். அக்காவும் சத்தமில்லாமல் சொன்னார்:

"கேட்டாரு. கேட்டுட்டு ரிமோட்ட எடுத்துச் சத்தத்தக் கொறச்சாரு. கொறச்சா என்னய்யா, அதான் வாயி தெரியுதே!"

ஆக, என்னைப் போலக் குரல் எழும்பாத அன்பர்களே, ஒரு கோடை முழுக்க ஃபேன் இல்லாமல் அவிந்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: கத்த வராவிட்டால் போகட்டும், வாயையாவது ஒரு படம் விடாமல் அசைத்து வைத்துவிடுங்கள்.